கேட்பவர் முன்னே, கொடுப்பவர் பின்னே: மென்பொருள் இணைப்பின் ஒழுங்கு பற்றிச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981 ஜூன் தொடக்கத்தில் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதன் பின்னர் 'ஆவணப்படுத்தல்' என்ற சொல் நம்மவர் மத்தியில் ஒரு தொழில்நுட்பச் சொல்லாக இல்லாமல் கடமையின் பெயராகவே ஆகிவிட்டது. 2005இல் 'நூலகம்' என்ற மின்னூலக முயற்சி தொடங்கியதிலிருந்து ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும், புகலிட வெளியீடுகளும், பக்கம் பக்கமாக வருடப்பட்டுச் சேர்க்கப்பட்டு வருகின்றன. இது பெரும் பணி என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

ஆனால் வருடப்பட்ட பக்கம் ஒரு படம். அதைப் பார்க்கலாம், வாசிக்கலாம். அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. ஒருவர் 'சாதி' என்ற சொல் நமது சஞ்சிகைகளில் எந்த ஆண்டு, எந்தப் பொருளில், எத்தனை முறை வந்தது என்று ஆராய விரும்பினால், படம் எழுத்தாக மாற வேண்டும். அதற்கு எழுத்துணரி மென்பொருள் வேண்டும். இக்கட்டுரை அந்த மென்பொருளைப் பற்றியதுமல்ல. அதைக் கட்டும்போது இடப்படும் ஒரேயொரு கட்டளை வரியைப் பற்றியது. அந்த ஒரு வரிக்கு இவ்வளவு இடம் ஏன் என்ற கேள்விக்கு, வரியை விளக்கிய பின்னரே பதில் சொல்ல முடியும்.

1. வைத்திருப்பதும் திறக்கத் தெரிவதும்

1990களில் நமது சஞ்சிகைகள் பல 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. அந்தக் கோப்புகள் இன்று யாருடைய பெட்டிக்குள்ளிருந்தாவது கிடைத்தால், திறந்தவுடன் கண்ணில் படுவது பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலே. ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஏற்பாடு அது. எழுத்துருவோ மாற்றிப் பெயர்க்கும் அட்டவணையோ இல்லையென்றால் கட்டுரையும் இல்லை. யூனிகோடின் முதற்பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. ஆயினும் அது நமது மேசைகளுக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

பொருளை வைத்திருப்பது வேறு, அதைத் திறக்கும் முறையை வைத்திருப்பது வேறு என்பதே இதில் நாம் கற்க வேண்டியது. எழுத்துணரி மென்பொருளுக்கும் இது பொருந்தும்.

டெசெராக்ட் என்ற எழுத்துணரியை எடுத்துக்கொள்வோம். ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடங்களில் 1985க்கும் 1994க்கும் இடையில் உருவான இந்நிரல், 2005இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. 2006 முதல் கூகிள் அதன் வளர்ச்சிக்கு ஆதரவளித்தது. 2018இல் வந்த நான்காம் பதிப்பு நரம்பு வலையமைப்பு முறைக்கு மாறியது. தமிழுக்கான பயிற்சித் தரவும் இதற்கு உண்டு. ஆனால் நமது பழைய சஞ்சிகைகளில் பெரும்பகுதி ஈய அச்சில் வந்தவை. 'ணை', 'லை', 'னை', 'றா' முதலியவற்றின் பழைய வடிவங்கள் அவற்றில் உள்ளன. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் ஏற்றுக்கொண்டது. இலங்கை அச்சகங்களில் அதன் பின்னரும் பழைய வடிவங்கள் வழக்கிலிருந்தன. இவற்றைச் சரிவர வாசிக்கவேண்டுமெனில் டெசெராக்டுக்கு மேலதிகமாகக் கற்பிக்க வேண்டும். கற்பிக்கும் கருவிகளோ தனியே நிற்பவையல்ல. தமிழ் எழுத்துகளை வரைய அவை பாங்கோ, கைரோ என்ற லைப்ரரிகளை நாடுகின்றன. பாங்கோ, 'கொ' என்ற எழுத்தில் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் எடுத்துவைக்க ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியை நாடுகிறது. படக்கோப்புகளைத் திறப்பதற்கு டெசெராக்ட் லெப்டோனிக்காவிடம் போகிறது. லெப்டோனிக்கா படவகைகளுக்கான வேறு சில லைப்ரரிகளிடம் போகிறது.

ஆக, ஒரு நிரல் என்பது ஒரு நிரலல்ல. அது ஒரு உறவுமுறை. அந்த உறவுகளைப் பொருத்தி வைப்பதுதான் 'இணைப்பி' என்ற நிரலின் தொழில்.

2. இணைப்பி செய்வது என்ன

நிரலாளர் எழுதும் மூலத்தைத் தொகுப்பி துண்டுதுண்டாக இயந்திரமொழிக்கு மாற்றுகிறது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்று, தன்னிடம் உள்ள செயல்களின் பெயர்கள். மற்றது, தனக்குத் தேவையான, ஆனால் தன்னிடம் இல்லாத செயல்களின் பெயர்கள். இணைப்பி எல்லாத் துண்டுகளையும் லைப்ரரிகளையும் எடுத்து, இரண்டாம் பட்டியலின் வெற்றிடங்களை முதற்பட்டியல்களைக் கொண்டு நிரப்புகிறது. ஒரு வெற்றிடமாவது நிரம்பாவிட்டால் 'வரையறுக்கப்படாத சுட்டு' என்று முறையிட்டு வேலையை நிறுத்திவிடும்.

லைப்ரரிகள் இருவகை. இதனை நமக்குப் பழக்கமான ஆய்வுக்கட்டுரை எழுதும் முறையைக் கொண்டு விளக்கலாம். வேறொரு நூலின் வேண்டிய பக்கங்களைப் பிரதியெடுத்து உங்கள் கட்டுரையோடு சேர்த்துக் கட்டிவிடுவது ஒரு வகை. இது நிலை இணைப்பு. கட்டுரை பருமனாகும். ஆனால் எங்கு கொண்டுபோனாலும் தன் காலில் நிற்கும். நூலின் பெயரை அடிக்குறிப்பில் போட்டுவிட்டு, வாசிப்பவர் தன் அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்க்கட்டும் என்று விடுவது மற்ற வகை. இது இயங்கு இணைப்பு. கட்டுரை மெல்லியதாக இருக்கும். ஆனால் வாசிப்பவரின் அலுமாரியில் அந்த நூல், அதே பதிப்பில் இருக்க வேண்டும்.

3. மூன்று கேள்விகள்

இணைப்பிக்கு நாம் கொடுக்கும் குறிப்புகளை ஆங்கிலத்தில் ஃபிளாக் என்பர். 'கொடி' என மொழிபெயர்த்தால் நம்மவருக்கு ஊர்வலம்தான் ஞாபகத்துக்கு வரும். எனவே குறிப்பு என்றே சொல்கிறேன். அவை எண்ணிக்கையில் பல. அன்றாடத்துக்குத் தேவையானவை மூன்று கேள்விகளுக்கான விடைகள் மட்டுமே.

முதற்கேள்வி: எந்த லைப்ரரி? இதற்கான குறிப்பு சிறுகோடு ஒன்றும் அதையடுத்து ஆங்கிலத்தின் சிறிய 'எல்' எழுத்தும். வசதிக்காக இதைச் சிற்றெல் என்போம். லைப்ரரிக் கோப்புகளின் பெயர்கள் 'லிப்' என்ற முன்னொட்டுடன் தொடங்கும், வகையைக் காட்டும் பின்னொட்டுடன் முடியும். சிற்றெல்லின் பின்னால் இரண்டு ஒட்டுகளையும் விட்டுவிட்டு நடுப்பெயரை மட்டும் எழுத வேண்டும். கணித லைப்ரரியின் நடுப்பெயர் 'எம்' என்ற ஒற்றை எழுத்து. எனவே சிற்றெல்லும் எம்மும் சேர்ந்தால் போதும்.

இரண்டாம் கேள்வி: கட்டும்போது அதை எங்கே தேடுவது? சிறுகோடும் பெரிய 'எல்' எழுத்தும், அதையடுத்துக் கோப்புறையின் முகவரியும். இதைப் பேரெல் என்போம். பல பேரெல்கள் இருந்தால் எழுதிய வரிசையிலேயே தேடல் நடக்கும். முதலில் அகப்பட்டதே எடுக்கப்படும்.

மூன்றாம் கேள்வி: ஓடும்போது அதை எங்கே தேடுவது? இது இயங்கு இணைப்புக்கு மட்டும் உரியது. பலர் தடுமாறுவது இங்கேதான். பேரெல்லில் சொன்ன முகவரி கட்டும் நேரத்தோடு மறக்கப்பட்டுவிடும். நிரல் ஓடத் தொடங்கும்போது, ஏற்றி என்ற வேறொரு நிரல் தனக்குத் தெரிந்த கோப்புறைகளில் மட்டுமே தேடும். கட்டும்போது ஒரு பதிப்புடன் பொருந்திய நிரல், ஓடும்போது கணனியின் பொது அலுமாரியிலுள்ள பழைய பதிப்பைப் பற்றிக்கொள்வது இதனால்தான். இதற்கு 'ஆர்பாத்' என்ற குறிப்பு உண்டு. அது ஓடும்போது தேடவேண்டிய முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும். சூழல் மாறியொன்றில் முகவரியை வைத்துச் சமாளிக்கும் வழியும் உண்டு. ஆனால் அது அந்த நேரத்துக்கு மட்டுமே உதவும். மேலும் அந்தச் சூழலில் ஓடும் மற்ற நிரல்களையும் குழப்பக்கூடியது.

4. ஒழுங்கு

இணைப்பி தன் கட்டளை வரியை இடமிருந்து வலமாக வாசிக்கிறது. நிலை லைப்ரரி ஒன்றைச் சந்திக்கும்போது, 'இதுவரை வந்தவர்கள் கேட்டு நிரம்பாமல் இருக்கும் பெயர்கள் இதற்குள் உண்டா?' என்று மட்டுமே பார்க்கும். உண்டென்றால் அந்தப் பகுதிகளை எடுக்கும். இல்லையென்றால் மூடிவைத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும், திரும்பி வராது. எனவே லைப்ரரியை முதலில் எழுதி, அதைக் கேட்கும் துண்டைப் பின்னால் எழுதினால், லைப்ரரி வந்தபோது கேட்க ஆளில்லை. ஆள் வந்தபோது லைப்ரரி மூடப்பட்டுவிட்டது.

கேட்பவர் முன்னே, கொடுப்பவர் பின்னே. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்திருந்தால் பாதிப் பிழைகள் நீங்கும். டெசெராக்ட் முதலில், லெப்டோனிக்கா அடுத்து, படவகை லைப்ரரிகள் அதன் பின், எல்லோருக்கும் பொதுவான கணித லைப்ரரி கடைசியில். இரண்டு லைப்ரரிகள் ஒன்றையொன்று கேட்குமானால், ஒன்றை இரண்டு தடவை எழுத வேண்டும், அல்லது அவற்றைக் குழுவாக அடைப்பதற்கென்றுள்ள குறிப்புகளைப் பயன்படுத்த வேண்டும்.

இயங்கு லைப்ரரிகளில் இந்த ஒழுங்கு நீண்டகாலம் அவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. 'தேவைப்பட்டால் மட்டும்' என்ற பொருள்படும் குறிப்பொன்று உண்டு. அது இடப்பட்டால், தன் முறை வரும்போது யாரும் கேட்காத லைப்ரரி பட்டியலிலிருந்து நீக்கப்படும். 2011இல் வந்த உபுண்டு 11.10 பதிப்பு இக்குறிப்பைத் தொகுப்பியின் இயல்பு வழக்கமாக்கியது. அதுவரை ஆண்டுக்கணக்கில் ஓடிய கட்டளைகள் பல அன்றோடு உடைந்தன. நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஒழுங்கு பற்றிய சகிப்புத்தன்மை மாத்திரமே மாறியது.

5. ஷெல்: மூன்று வாசகர்கள்

இவ்வளவையும் ஒவ்வொரு முறையும் கையால் தட்ட முடியாது. எனவே ஷெல் கட்டளைக்கோப்பு ஒன்றில் எழுதி வைக்கிறோம். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லே இன்றைய ஷெல்களுக்கு முன்னோடி. அதன் இலக்கணம் பெரும்பாலும் இன்றும் செல்லுபடியாகிறது. நாற்பது வருடத்துக்கு மேல் நிலைத்து நிற்கும் எழுத்து முறை என்பதே ஆவணப்படுத்த விரும்புவோர் அதைக் கவனிக்கப் போதுமான காரணம்.

குறிப்புகள் மாறிகளில் சேர்த்து வைக்கப்படும். மரபாக இரண்டு மாறிகள் உண்டு. 'எல்.டி.ஃபிளாக்ஸ்' என்பதில் பேரெல்லும் ஆர்பாத்தும் போக வேண்டும். 'லிப்ஸ்' என்பதில் சிற்றெல்கள் போக வேண்டும். இரண்டையும் ஒரே மாறியில் போட்டால் என்ன என்று கேட்கலாம். வழக்கமான கட்டுமான ஒழுங்கில் முதல் மாறி நமது துண்டுகளுக்கு முன்னாலும், இரண்டாவது அவற்றுக்குப் பின்னாலும் வைக்கப்படுகிறது. சிற்றெல்லை முதல் மாறியில் போட்டால் கொடுப்பவர் கேட்பவருக்கு முன்னால் போய்விடுவார். விளைவை மேலே கண்டோம்.

அடுத்து, சேர்ப்பதும் அழிப்பதும். மாறிக்குப் புதிய பெறுமதி கொடுக்கும்போது பழையதையும் உள்ளடக்கி எழுத வேண்டும். நமது முகவரி முதலில், பழைய பெறுமதி பின்னால். பழையதை விட்டுவிட்டால், அந்தக் கணனியை அமைத்தவர் ஏதோ காரணத்துக்காக இட்டுவைத்த குறிப்புகள் சத்தமில்லாமல் காணாமற்போகும். முன்னவர் எழுதியதை வாசிக்காமலே அழிக்கும் பழக்கம் இலக்கிய விவாதங்களில் மட்டும் உள்ளதல்ல.

மேற்கோள்குறிகள் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாறியொன்றை மேற்கோள்குறியின்றி எழுதினால் ஷெல் அதன் உள்ளடக்கத்தை இடைவெளிகளில் வெட்டித் தனித்தனிச் சொற்களாகக் கொடுக்கும். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் முழுவதையும் ஒரே சொல்லாகக் கொடுக்கும். ஐந்து குறிப்புகளைக் கொண்ட மாறியை இரட்டை மேற்கோளுக்குள் இணைப்பிக்கு நேரடியாகக் கொடுத்தால், ஐந்தும் ஒட்டிய ஒரு விசித்திரப் பெயரைத் தேடி அது தோற்றுப்போகும். மேற்கோளின்றிக் கொடுத்தாலோ, கோப்புறையின் பெயரில் இடைவெளி இருந்தால் பெயர் இரண்டாக உடையும். பாஷ் ஷெல்லில் இதற்கு வரிசைப்பட்டியல் என்ற நல்ல தீர்வு உண்டு. எல்லா ஷெல்களிலும் ஓட வேண்டுமெனில், கோப்புறைப் பெயர்களில் இடைவெளி வைக்காமலிருப்பதே எளிய வழி.

இன்னும் நுணுக்கமான இடம் ஆர்பாத்தில் வருகிறது. 'நான் எங்கு இருக்கிறேனோ அதற்குப் பக்கத்தில் தேடு' என்று நிரலிடம் சொல்ல முடியும். இதற்கு டொலர் குறியுடன் 'ஒரிஜின்' என்ற சொல்லை எழுத வேண்டும். நிரலையும் லைப்ரரிகளையும் ஒரே கோப்புறையில் போட்டு ஒரு கணனியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிச் செல்ல இது அருமையான வசதி. ஆனால் இச்சொல் இணைப்பியைச் சேருமுன் மூன்று வாசகர்களைக் கடக்க வேண்டும். ஷெல் டொலர் குறியைக் கண்டால் அதைத் தன் மாறி என எண்ணிப் பெறுமதியைத் தேடும். அப்படியொன்று இல்லாததால் வெறுமையை வைக்கும். ஒற்றை மேற்கோள் இட்டால் ஷெல் தொடாது. அடுத்து 'மேக்' என்ற கட்டுமான நிரலும் டொலர் குறியைத் தனக்குரியதாகவே கருதும். அதற்காகக் குறியை இரண்டு முறை எழுத வேண்டும். இடையில் மேக் மீண்டும் ஒரு ஷெல்லை அழைக்கும், அதற்கும் ஒரு காப்பு வேண்டும். அகதி விசாரணையில் நாம் தமிழில் சொல்வது மொழிபெயர்ப்பாளர், சட்டத்தரணி, தீர்ப்பாளர் என்று மூவரைக் கடந்து எழுத்தாவதை அனுபவித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வொருவரும் தமக்குரியது என்று நினைப்பதை எடுத்துக்கொண்ட பின் எஞ்சுவது என்ன என்று கணக்கிட்டே பேச வேண்டியிருந்தது.

இத்தகைய கணக்கை ஓரளவு குறைக்க உதவுவது 'பிகேஜி-கொன்ஃபிக்' என்ற சிறுநிரல். ஒவ்வொரு லைப்ரரியும் தன்னை இணைக்கத் தேவையான குறிப்புகளைச் சிறு கோப்பொன்றில் எழுதி வைத்திருக்கும். இச்சிறுநிரல் அதை வாசித்துச் சொல்லும். நமது கட்டளைக்கோப்பு அந்த விடையை அப்படியே மாறிக்குள் வாங்கிக்கொள்ளலாம். நிலை இணைப்பு வேண்டுமென்று தெரிவித்தால், லெப்டோனிக்காவுக்குப் பின்னால் நிற்கும் படவகை லைப்ரரிகளையும் சேர்த்தே சொல்லும். ஊகித்து எழுதுவதை விடக் கேட்டு எழுதுவது நல்லது.

6. நல்ல கட்டளைக்கோப்பு எப்படி இருக்கும்

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒவ்வொரு பொருத்து மேசையிலும் ஒரு தாள் தொங்கும். எந்த ஆணி, எந்த வரிசை, எவ்வளவு இறுக்கம், யார் கடைசியாகத் திருத்தினார், எந்தத் திகதி. இரவு முறைக்கு வருபவர் பகல் முறைக்காரரைச் சந்திக்கவே தேவையில்லை. விரிவுரை மண்டபத்தில் நான் நிரலாக்கம் கற்பித்த காலத்தில், மின்சாரமின்றிக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய யாழ்ப்பாண நாட்களில்கூட, இந்தத் தாளின் அருமையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நிரலின் அழகையே கற்பித்தோம், அதை ஒன்றுசேர்ப்பதைச் சில்லறை வேலை எனக் கருதிய கல்வி மரபு அது.

கட்டளைக்கோப்பு அந்தத் தாளைப் போன்றதாக இருக்க வேண்டும். தொடக்கத்தில், எந்தக் கட்டளை தோற்றாலும் அங்கேயே நிறுத்து என்ற ஆணை. அது இல்லாவிடில் ஷெல் பிழையைத் தாண்டி ஓடிக் கடைசியில் அரைகுறைக் கட்டடத்தைக் கையில் தரும். அடுத்து, பெயரிடப்படாத மாறியைப் பயன்படுத்தினால் பிழையெனக் கொள் என்ற ஆணை. நிறுவும் கோப்புறையின் பெயர் ஒரே இடத்தில், ஒரே முறை. பொதுநூலகத்திலோ சமூக நிலையத்திலோ உள்ள கணனியில் நிர்வாகி உரிமை நமக்கில்லை. ஆகவே கோப்புறை நமது சொந்த இடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆர்பாத் அப்போதுதான் தன் பயனைக் காட்டும். பின்னர் மூலப்பொதிகளின் கைரேகைச் சரிபார்ப்பு, பிகேஜி-கொன்ஃபிக்கிடம் கேட்டல், கொன்ஃபிகர், மேக், நிறுவல். முடிவில் 'எல்.டி.டி.' என்ற கட்டளையால் நிரல் உண்மையில் எந்த லைப்ரரிகளை எங்கிருந்து எடுக்கிறது என்று பார்த்து, அந்த விடையையும் பதிப்பு இலக்கங்களையும் ஒரு கோப்பில் எழுதி வைத்தல். ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே, இது ஏன் இடப்பட்டது என்று தமிழில் ஒரு வரி.

7. அரை விநாடி

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வரலாம். இந்த வரிக்கு ஏன் இவ்வளவு இடம்?

2024 மார்ச் 29ஆம் திகதி அன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். தன் கணனியில் எஸ்.எஸ்.எச். என்ற தொலைநுழைவு நிரல் வழமையைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்து, அதன் காரணத்தைத் தேடிச் சென்றிருந்தார். தேடல் முடிந்த இடம் எக்ஸ்.இசெட் என்ற சுருக்கு நிரலின் லைப்ரரி. அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளவாசல் இருந்தது.

அது நுழைந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் வாசிக்கக்கூடிய பொது மூலக்களஞ்சியத்தின் நிரல் வரிகளில் அது வெளிப்படையாக இருக்கவில்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொதிக்குள் மட்டும் கட்டுமானக் கோப்பொன்றில் சில ஷெல் வரிகள் மாற்றப்பட்டிருந்தன. அவ்வரிகள், பரிசோதனைக்கென்று வைக்கப்பட்டிருந்த கோப்புகளுக்குள் மறைத்த இயந்திரமொழித் துண்டைத் தோண்டியெடுத்து இணைப்பின்போது லைப்ரரிக்குள் நுழைத்தன. லினக்ஸா, க்னூ இணைப்பியா, டெபியன் அல்லது ஆர்.பி.எம். பொதியாகக் கட்டப்படுகிறதா என்றெல்லாம் பார்த்த பின்பே அவை செயற்பட்டன. எஸ்.எஸ்.எச். நேரடியாக இந்த லைப்ரரியைக் கேட்பதில்லை. சில விநியோகங்கள் அதைச் சிஸ்டம்டியின் லைப்ரரியோடு இணைத்திருந்தன, அது இதைக் கேட்டது. அடிக்குறிப்பின் அடிக்குறிப்பில் நஞ்சு. ஓடும்போது அது செய்தது, சாவியைச் சரிபார்க்கும் ஒரு செயலின் பெயரைத் தன்பக்கம் திருப்பிக்கொண்டதே.

கென் தொம்சன் 1984இல் வெளியான தன் டியூரிங் விருது உரையில், மூலத்தை வாசிப்பதால் மட்டும் நம்பிக்கை பிறக்காது, அதைக் கட்டும் கருவியிலும் கள்ளம் இருக்கலாம் என்று விளக்கியிருந்தார். நாற்பது ஆண்டுகளின் பின் அது வேறொரு வடிவில் நிகழ்ந்தது.

எக்ஸ்.இசெட்டை நீண்டகாலம் பராமரித்தவர் லாசெ கொலின். ஊதியமின்றி, ஓய்வுநேரத்தில் செய்த வேலை. ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் இரண்டு வருடத்துக்கு மேலாகப் பொறுமையாக உதவிகள் செய்து, பொறுப்பைப் பெற்று, அதன் பின்னரே இதைச் செய்தார்.

இதிலிருந்து 'யாரையும் நம்பாதே' என்ற முடிவுக்கு வருவது எளிது. நம்முடைய சமூகத்தில் அது மிகவும் எளிது. சந்தேகம் ஒரு அரசியல் முறையாக மாறியபோது என்ன நடந்தது என்பதை நாம் அறிவோம். ஆனால் இந்தக் கள்ளவாசல் ஆளைப் பார்த்து, பின்னணியை விசாரித்து, விசுவாசத்தை அளந்து கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் இரண்டு வருட விசுவாசம் சித்தியடைந்திருக்கும். ஒருவர் அரை விநாடியைப் பொருட்படுத்தினார், மூலமும் கட்டுமான வரிகளும் வாசிக்கத் திறந்திருந்தன, ஆகவே தேடிச் செல்ல முடிந்தது. நம்பிக்கைக்கும் சந்தேகத்துக்கும் இடையில் மூன்றாவது ஒன்று உண்டு, அது சரிபார்க்கக்கூடியதாக இருத்தல்.

8. எழக்கூடிய மறுப்புகள்

ஒன்று: இவையெல்லாம் ஆயத்தப் பொதிகளாகக் கிடைக்கும்போது நாம் ஏன் கட்ட வேண்டும்? பெரும்பாலோருக்குத் தேவையில்லைதான். டெபியன், உபுண்டு வழியாகத் தமிழ்த் தரவோடு டெசெராக்ட்டைச் சில நிமிடங்களில் நிறுவலாம். ஆனால் மூலத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டி வரும்போது, விநியோகம் தராத பதிப்பு வேண்டும்போது, நிர்வாகி உரிமையில்லாத கணனியில் வேலை செய்ய நேரும்போது, ஆயத்தப் பொதி உதவாது. சமூகத்தில் எல்லோரும் அச்சுக்கோக்கத் தெரிந்தவராக இருந்ததில்லை. ஆனால் ஒரு சிலராவது தெரிந்திருந்ததால்தான் சஞ்சிகை வந்தது.

இரண்டு: பெருநிறுவனங்களின் எழுத்துணரிச் சேவைகள் தமிழை நன்றாகவே வாசிக்கின்றன. உண்மை, பயன்படுத்தலாம். ஆனால் அவற்றின் விலையும் நிபந்தனையும் நம் கையில் இல்லை. அவை ஒரு எழுத்தைத் தவறாக வாசித்தால் திருத்தும் வழியும் நம் கையில் இல்லை. ஒரே வழியாக அவற்றை நம்பியிருப்பது வேறு, பல வழிகளுள் ஒன்றாகக் கொள்வது வேறு.

மூன்று: இது தொழில்நுட்பக்காரர் விடயம், விவாத இதழுக்கு ஏன்? கியூபெக்கில் அச்சாகும் வெளியீடுகளின் பிரதிகளைத் தேசிய நூலகத்தில் வைப்பிட வேண்டும் என்ற சட்டம் 1968 முதல் உண்டு. மொன்றியலில் அச்சாகும் தமிழ் இதழுக்கும் அது பொருந்தும். தாளுக்கு அந்தக் காப்பு இருக்கிறது. தாளை வாசிக்கும் நிரலைக் கட்டிய முறைக்கு எந்த வைப்பும் இல்லை. அது யாரோ ஒருவரின் கணனியில், அவருடைய ஞாபகத்தில் இருக்கிறது. அவர் வேலை மாறினால், ஊர் மாறினால், காலமானால் அதோடு போயிற்று. இது தொழில்நுட்பக் கேள்வியல்ல.

ஆகவே, ஆவணப் பணியில் ஈடுபட்டிருப்போர் முன் மூன்று விடயங்களை வைக்கிறேன். வருடப்பட்ட பக்கங்களோடும் பிரித்தெடுத்த எழுத்தோடும், அவற்றை உருவாக்கிய கட்டளைக்கோப்பையும் சேர்த்தே வைப்பிட வேண்டும். அதை எழுதியவர் தவிர இன்னொருவர், எழுதியவரிடம் எதுவும் கேட்காமல், வெறுங்கணனியொன்றில் ஓட்டிப்பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது இது மீண்டும் நடக்க வேண்டும், ஏனெனில் 2011இல் போலச் சூழல் அறிவிப்பின்றி மாறும். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. இரண்டு ஆட்களும் ஒரு வார இறுதியும் போதும். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் வரிவரியாகச் சோதிப்பதைக் குற்றச்சாட்டாகக் கொள்ளாத மனநிலை வேண்டும்.

அந்த மனநிலை நம்மிடையே எவ்வளவு உண்டு என்பது விவாதத்துக்குரியது. இம்முன்மொழிவுகள் நடைமுறைச் சாத்தியமற்றவை எனக் கருதுவோர், எந்த இடத்தில், ஏன் என்று எழுதினால் விவாதம் பயனுள்ளதாக அமையும்.